பிரித்து மாட்டத் தெரிந்தால்தான் சொந்தம்

சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பளபளக்கும் பெயின்டைப் பார்த்து யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பார்கள். கீழே குனிந்து சேஸைப் பார்ப்பார்கள். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்கள். டிரைவர் வைத்து ஓட்டுகிற ஓனர்கூட, வண்டி நடுவழியில் நின்றால் கோளாறு எங்கே இருக்கும் என்று போனிலேயே ஓரளவு சொல்லிவிடுவார்.

அதே ஓனர் ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறார். ஒரு நாள் அது பூட் ஆகாமல் நிற்கிறது. கடைக்குக் கொண்டு போகிறார். "ஃபார்மட் அடிக்கணும் சார்" என்கிறார்கள். "சரி, அடிங்க" என்கிறார். மறுநாள் கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனால் மகளின் கல்யாண போட்டோக்களும், மகன் இரண்டு வருடமாகச் சேர்த்த புராஜெக்ட் ஃபைல்களும் இல்லை. ஃபார்மட் என்றால் என்ன, எந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் எது அழியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், "முதலில் டேட்டாவை வெளியே எடுத்து வையுங்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார். அத்தனையும் பிழைத்திருக்கும்.

பில் நம் பெயரில் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் நமக்குச் சொந்தமாகிவிடாது. பிரித்து மறுபடி மாட்டத் தெரிந்தால்தான் அது நம்முடையது. கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும், இன்டர்நெட்டில் நாம் எழுதும் பிளாக்குக்கும் இது பொருந்தும். ஆகவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தானே இன்ஸ்டால் செய்து பார்க்க வேண்டும். ஒரு முறையாவது ஒரு பிளாக்கைத் தன் கம்ப்யூட்டரிலேயே நிறுவி ஓட்டிப் பார்க்க வேண்டும். இது இன்ஜினியர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மேலே படியுங்கள்.

மெனுவில் இருந்த இன்னொரு வரி

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வழங்கப்பட்டன. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். இன்றும் பீரோவின் மேல்தட்டில், பேட்டரி செத்துப்போய், அந்த லேப்டாப் கிடக்கிறது.

அதை முதலில் ஆன் செய்தபோது ஒரு மெனு வந்தது. அதில் விண்டோஸ் இருந்தது. கூடவே 'பாஸ்' என்ற பெயரும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய லினக்ஸ். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்! பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்குமா?

ஆனால் நடந்தது என்ன? பலரும் அந்த இன்னொரு வரியைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. சிலர் கடைக்குக் கொண்டு போய் இரண்டையும் அழித்துவிட்டு, லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தொட்டுப் பார்க்கச் சொல்லித்தர ஆள் இல்லாததுதான் குறை. மாணவர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அரசுத் தரப்பில் முயற்சி அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களில் சூசி லினக்ஸுக்கு மாறியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாக இடம்பெற்றன. ஆக, புத்தகத்தில் இருக்கிறது, லேப்டாப்பிலும் இருந்தது. கைக்குத்தான் இன்னும் வரவில்லை.

சேஸ் ஒன்று, பாடி பல

"லினக்ஸ் என்கிறார்கள், உபுண்டு என்கிறார்கள், மின்ட் என்கிறார்கள், பாஸ் என்கிறார்கள். எது எது?" என்று குழம்ப வேண்டாம். இதைப் புரிந்துகொள்ள நாமக்கல்காரர்களுக்குப் பாடமே தேவையில்லை.

லாரி கம்பெனியிலிருந்து இன்ஜினும் சக்கரமுமாக வெறும் சேஸ் வரும். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் அதன் மேல் பாடி கட்டுவார்கள். ஒரே சேஸின் மேல் மரம் ஏற்றும் பாடியும் கட்டலாம், கோழிக்கூண்டு ஏற்றும் பாடியும் கட்டலாம். ஓடுகிற இன்ஜின் ஒன்றுதான்.

லினக்ஸ் என்பது அந்த சேஸ். கெர்னல் என்று சொல்வார்கள். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை எழுதத் தொடங்கினார். பிராசஸரையும் மெமரியையும் ஹார்ட் டிஸ்க்கையும் மேய்ப்பது அதன் வேலை. அதன் மேல் டெஸ்க்டாப், மெனு, பிரவுசர், ஆபீஸ் தொகுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரிபியூஷன். உபுண்டு, மின்ட், பாஸ் எல்லாம் வெவ்வேறு பட்டறைகள் கட்டிய பாடிகள். உங்கள் வேலைக்கும் கம்ப்யூட்டரின் பலத்துக்கும் ஏற்ற பாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் பாரமான பாடியை ஏற்றினால் மேடு ஏறாது.

இப்போது இது ஏன் முக்கியம்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இந்தக் கணக்கில் தேறாது.

பாதுகாப்பு அப்டேட் இல்லாத சிஸ்டம் இன்டர்நெட்டில் இருப்பது, பூட்டில்லாத வீட்டில் பண்டிகை நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போவது போல. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கிறதா? அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் அதிகம் மாட்டின. லைசென்ஸ் இல்லாத விண்டோஸில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் முன் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆபத்தோடு பழையதையே ஓட்டலாம். அல்லது அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இன்றும் அப்டேட் வருகிற லினக்ஸ் ஒன்றைப் போட்டு, பிரவுசிங், லெட்டர் டைப்பிங், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வழி இருப்பதே தெரியாதவர், முதல் இரண்டுக்குள்தான் அலைய வேண்டும்.

பயமில்லாமல் பழக மூன்று படிகள்

"கம்ப்யூட்டர் கெட்டுப் போய்விட்டால்?" என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன்.

முதல் படி, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ். வர்ச்சுவல்பாக்ஸ் என்ற புரோகிராமை இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உருவாக்கும். உங்களிடம் 8 ஜிபி ராம் இருந்தால் அதில் 3 அல்லது 4 ஜிபியும், ஹார்ட் டிஸ்க்கில் 25 ஜிபி இடமும் கொடுங்கள். லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டினால் அதற்குள் இன்ஸ்டால் ஆகும. பார்ட்டிஷன் பிரியுங்கள், அழியுங்கள், மறுபடி பிரியுங்கள். எது கெட்டாலும் அந்தப் பொய்க் கம்ப்யூட்டர்தான் கெடும். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் பழைய நிலைக்கு ஒரே நிமிடத்தில் திரும்பலாம்.

இரண்டாவது படி, பென் டிரைவிலிருந்து ஓட்டுவது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். ரூஃபஸ் என்ற சிறிய புரோகிராம் மூலம் ஐஎஸ்ஓ ஃபைலை அதில் எழுதுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெனுவுக்குப் பல கம்ப்யூட்டர்களில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப் கீ. இப்போது லினக்ஸ் முழுக்கப் பென் டிரைவிலிருந்தே ஓடும். நீங்களாக இன்ஸ்டால் பட்டனை அழுத்தாதவரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று எல்லாவற்றையும் இப்போதே சோதித்துவிடலாம்.

மூன்றாவது படி, பீரோ மேல் கிடக்கும் அந்தப் பழைய லேப்டாப். அதில் உள்ள போட்டோக்களை எல்லாம் முதலில் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பிறகு துணிந்து இன்ஸ்டால் செய்யுங்கள். 2 ஜிபி ராம் மட்டும் இருந்தால் லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற எடை குறைந்ததைப் போடுங்கள். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டியும், ஸ்லாட் இருந்தால் கூடுதல் ராமும் மாட்டினால் ஓட்டம் நன்றாகவே மாறும்.

தினமும் பயன்படுத்தும் புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுடன் லினக்ஸையும் சேர்த்துப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். பயாஸ் செட்டிங்கையோ பார்ட்டிஷனையோ மாற்றியதும் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் சேமிக்கப்பட்டிருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியையும் நிறுத்திவிடுங்கள். பேக்கப் இல்லாமல் பார்ட்டிஷனைத் தொடவே தொடாதீர்கள்.

எது ஓடாது என்பதையும் சொல்ல வேண்டும்

லினக்ஸைப் புகழ்கிறவர்கள் பலர் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவார்கள். லாரி ஆபீஸிலும் கோழித்தீவனக் கடையிலும் கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்காக உருவானது. ஃபோட்டோஷாப் லினக்ஸுக்கு வருவதில்லை. சில பிரின்டர்களுக்கு டிரைவர் கிடைக்காது. வேலை இவற்றை நம்பி இருந்தால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாறவும் முடியும் என்று தெரிந்தபின் விண்டோஸில் இருப்பதற்கும், வேறு வழி தெரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

தமிழ் டைப்பிங் பற்றிய பயமும் தேவையில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற வசதி மூலம் தமிழ்99 கீபோர்டையும், ஒலிப்பு முறையில் அடிக்கும் கீபோர்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த ஃபைல்கள் வைத்திருந்தால் கவனம் தேவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான் நல்லது. யூனிகோடில் இருக்கும் தமிழ் விண்டோஸ், லினக்ஸ், போன் என எங்கும் தமிழாகவே தெரியும். எழுத்தையும் பிரித்து மாட்டக் கூடியதாக வைத்திருக்க வேண்டும் அல்லவா?

வாடகைக் கடையில் எழுதுகிறோம்

இனி பிளாக்குக்கு வருவோம். 2003 முதல் தமிழில் பிளாக் எழுதுவது வேகம் பிடித்தது. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. பெரும்பாலானவர்கள் பிளாக்கர் போன்ற இலவச இடங்களில் எழுதினார்கள். இலவசம், எளிது, குறை சொல்ல முடியாது.

ஆனால் இலவசக் கடையின் சாவி நம்மிடம் இருப்பதில்லை. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின் சில தளங்களை முடக்கும்படி அரசு உத்தரவிட, இன்டர்நெட் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையுமே சில நாட்கள் முடக்கின. சமையல் குறிப்பு எழுதியவரின் பக்கமும் சேர்ந்து மறைந்தது. 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸை அமெரிக்காவில் மூடியபோது இலவசப் பக்கங்கள் லட்சக்கணக்கில் மறைந்தன. 2014 செப்டம்பரில் ஆர்குட் போனது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போனது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவிப்பு வரத்தான் செய்தது. எழுதியதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தெரியாதவர்கள் இழந்தார்கள். கல்யாண போட்டோ கதைதான் இங்கும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பிளாக்

பிளாக் எப்படி ஓடுகிறது என்று புரிய வேண்டுமா? உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒன்றை நிறுவிப் பாருங்கள். இதற்கு இன்டர்நெட் இணைப்பு டவுன்லோடு செய்யும் நேரத்தில் மட்டும் போதும்.

வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள் 2003 மே மாதம் வெளிவந்தது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கியது. இன்று உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இதில்தான் ஓடுகின்றன. இது ஓட மூன்று பொருட்கள் வேண்டும். பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர், பிஎச்பி மொழி, எழுதியதைச் சேமிக்கும் டேட்டாபேஸ். மூன்றையும் ஒரே மூட்டையாகத் தருவது எக்ஸாம்ப். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும்.

எக்ஸாம்பை இன்ஸ்டால் செய்து, அதன் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டையும் ஸ்டார்ட் செய்யுங்கள். வேர்ட்பிரஸ் ஜிப் ஃபைலை விரித்து, எக்ஸாம்புக்குள் இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். பிஎச்பி மைஅட்மின் பக்கத்தில் காலியான டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, உங்கள் ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். மொழி கேட்கும்போது தமிழையே தேர்ந்தெடுக்கலாம். டேட்டாபேஸின் பெயரைக் கொடுங்கள். யூசர் நேம் ரூட். எக்ஸாம்பில் பாஸ்வேர்டு காலியாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் உங்கள் பிளாக் தயார். உலகம் பார்க்காது, நீங்கள் மட்டும் பார்ப்பீர்கள்.

இப்போது பிரித்துப் பாருங்கள். எழுதிய கட்டுரைகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. படங்கள் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. ஆக, பேக்கப் என்றால் இரண்டையும் எடுக்க வேண்டும். டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து, ஃபோல்டரைக் காப்பி செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். கட்டுரைகள் திரும்பி வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். பிளாக்கரில் எழுதுகிறவர்களும் செட்டிங்ஸில் உள்ள பேக்கப் வசதி மூலம் தங்கள் எழுத்தை இறக்கி, இந்த வீட்டு வேர்ட்பிரஸில் ஏற்றிப் பார்க்கலாம்.

வீட்டிலேயே சர்வர் வைக்கலாமா?

இந்த ருசி கண்டவர்கள் அடுத்துக் கேட்பது இதுதான். "இதையே உலகம் பார்க்கும்படி வீட்டிலிருந்து ஓட்டினால் என்ன?" பழகுவதற்குச் செய்யலாம். உங்கள் எழுத்து முழுவதையும் அதை நம்பி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் காரணம் கரண்ட். 2012-ல் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நம் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது நிலைமை மாறியிருந்தாலும், பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாட்கள் உண்டு. சர்வர் என்றால் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இணைப்பு. பல வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளில் நமக்கென்று தனியாகப் பொது ஐபி அட்ரஸ் கிடையாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே அட்ரஸைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் முகவரி மட்டும் இருந்து, கதவு எண் இல்லாதது போல. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் கதவு தெரியாது. இதைத் தாண்ட வழிகள் இருக்கின்றன என்றாலும் புதியவர்களுக்கு அது அடுத்த பாடம்.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. பாஸ்வேர்டு இல்லாத எக்ஸாம்ப் வீட்டுக்குள் பழகத்தான். அதை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடக் கூடாது.

ஆகவே பொதுவில் எழுதுவதற்குச் சொந்தமாக ஒரு டொமைன் பெயரும், வாடகைக்குக் கொஞ்சம் ஹோஸ்டிங் இடமும் எடுங்கள். முதல் வருட விலை மலிவாக இருக்கும், புதுப்பிக்கும் விலை கூடுதலாக இருக்கும். இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரிலேயே டொமைன் இருந்து, பிறகு அவரைத் தேடி அலைகிற கடைக்காரர்கள் உண்டு. பத்திரம் யார் பெயரில் என்று பார்க்காமல் மனை வாங்குவோமா?

சொந்த இடமும் அழியும்

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2005 வாக்கில் பிளாக்கரில் எழுதிய பல தமிழ்ப் பக்கங்களை இன்றும் படிக்க முடிகிறது. சொந்த டொமைன் வாங்கி எழுதியவர்களின் பக்கங்கள் பல, புதுப்பிக்கப் பணம் கட்டாததால் காணாமல் போயின. அப்படியென்றால் சொந்த இடம் எதற்கு?

முகவரி யாருடையது என்பது இரண்டாவது கேள்விதான். பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நிறுத்த முடிகிற மாதிரி முழுப் பிரதி நம் கையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தொடக்க ஆண்டுகளில் டிஸ்கி போன்ற எழுத்துமுறைகளில் ஏற்றினார்கள். பிறகு யூனிகோடு வந்தது. ஃபைல்கள் கையில் இருந்ததால் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பகிரலாம் என்று விட்டதால் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் பிரதிகள் இருக்கின்றன. ஒரு சர்வர் போனாலும் நூல்கள் போகாது. கால் நூற்றாண்டுக்கு மேல் அது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் குடும்பப் போட்டோவும், நாம் எழுதும் நாலு பக்கமும் அவ்வளவு பெரிய விஷயம் இல்லைதான். நமக்குப் பெரிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

"இதெல்லாம் சர்வீஸ் இன்ஜினியர் வேலை, எனக்கு எதற்கு?" என்று கேட்கலாம். சர்வீஸ் இன்ஜினியர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மதர்போர்டு போனால் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் விஷயம் தெரிந்த கஸ்டமரிடம் அவரும் விளக்கமாகப் பேசுவார், வேலையும் கவனமாக நடக்கும். நல்ல மெக்கானிக்குகளுக்கு விவரம் தெரிந்த ஓனர்களைத்தான் பிடிக்கும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாக அறிவித்தது. உங்கள் வீட்டுக்குப் புது லேப்டாப் எந்த வழியில் வந்தாலும், பிள்ளைகளை அதைத் திறந்து பார்க்க விடுங்கள். பழைய லேப்டாப் இருந்தால் அதை அவர்களுக்கே சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். "கெடுத்துவிடுவான்" என்று பூட்டி வைத்தால் அது இரும்புக்கடைக்குத்தான் போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதலில் போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்யுங்கள். இரண்டாவது, பிளாக் எழுதுகிறவராக இருந்தால் அதன் பேக்கப்பை இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்து ஒரு மணி நேரம் சுற்றிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் விண்டோஸ் வைத்த இடத்திலேயே இருக்கும்.